ஜேம்ஸ் குடாத் தண்ணீரும் எங்கள் பந்தயமும்

அன்பான நளாவுக்கு, (நீ இருந்தபோது ஒருநாளும் இப்படி எழுதியதில்லை. சிரிக்காதே.)

போய்ச் சேர்ந்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் பழைய கரவனை, அந்தச் சில்லு வைத்த வீட்டை, எங்கள் வாகனத்தில் கொளுவி இழுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடும் வடக்கே றோட்டு முடிகிற இடம் வரை போய், கடலைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறோம். கரவன் இப்போது கர்க்லாண்டில் எங்கள் வீட்டு முன்றலில் நிற்கிறது. அதன் முகம் முழுக்கப் பூச்சி அப்பியிருக்கிறது. கழுவுவதற்கு உன் அத்தான் குகன் இரண்டு தரம் வாளியோடு வந்தார். "கொஞ்ச நாள் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

என் கடிதத்தை நாலு பேர் வாசிக்கக் கொடுப்பது என் பழக்கமில்லை. ஆனால் நான் பாதியில் திரும்பி வந்த கதை எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அது போன வீடுகளுக்கெல்லாம் இதுவும் போகட்டும்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருவரும் குடியிருந்த மூன்றாம் மாடி ஞாபகம் இருக்கிறதா? குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கியூபெக் வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தாய். பகல் முழுக்க நகரத்துக்குள் பஸ் ஓட்டிவிட்டு வந்து, தேத்தண்ணியோடு அதன் முன்னால் நிற்பாய். மேலே, யாரும் இல்லாத அந்தப் பச்சை நிறத்துக்குள்ளே ஒற்றைக் கோடாகப் போய் ஜேம்ஸ் குடாவுக்குப் பக்கத்தில் முடிகிற றோட்டில் உன் விரல் போய் நிற்கும்.

"அங்க போய்க் கடலில கால் வைக்கோணுமடி."

"பேர்தான் கடல். அவ்வளவு ஆறும் வந்து விழுற இடத்தில உப்பு எங்க இருக்கப்போகுது?" என்றேன் நான். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்தத் திமிர்.

"கடல் எண்டா உப்புத்தான். இதுக்கும் பரிசோதனையோ?"

"ஓம். பரிசோதிக்காமல் சொல்லேலாது."

"அப்ப பந்தயம். உப்பில்லை எண்டா நான் உன்னை அக்கா எண்டு கூப்பிடுறன். உப்பெண்டா நீ என்னை அக்கா எண்டு கூப்பிடோணும்."

நான் உனக்குப் பதினொரு மாதம் மூத்தவள். ஒருநாளும் நீ என்னை அக்கா என்றதில்லை. எடி, போடி, வாடிதான். பந்தயத்துக்குச் சம்மதித்தேன். வெல்வேன் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நீ கரவனை வாங்கி, எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாய். மட்டகாமி ஊரைத் தாண்டி ஆறாவது கிலோமீற்றரில் ஒரு சின்னச் சாவடி. அதற்கு மேலே போகிறவர்கள் அங்கே பெயர் பதிய வேண்டும். உள்ளே இருந்த பெண், எப்போது திரும்புவீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். அடுத்த பெற்றோல் முந்நூற்று எண்பத்தோராவது கிலோமீற்றரில்தான் என்றும் சொன்னாள். நிலவனுக்கு அப்போது மூன்று வயது. அவன் நெற்றி சுட்டது மாதிரி இருந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவியை வைத்தேன். கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது.

"இவனுக்குக் காய்ச்சல். திரும்புவம்" என்றேன்.

வேலையில் எந்த அளவையும் மூன்று தரம் எடுக்காமல் எழுதாதவள் நான். அன்றைக்கு ஒரு தரம்தான் எடுத்தேன். அந்த றோட்டுக்குப் பயந்துவிட்டேன், நளா. இன்றுவரை இதை யாருக்கும் சொன்னதில்லை. அன்று பின்னேரமே அவன் மட்டகாமியில் ஓடித் திரிந்தான். நீ ஒரு வார்த்தை குத்திக் கதைக்கவில்லை. "றோட்டு எங்கயும் ஓடாதடி. அடுத்த வருசம் பாப்பம்" என்றாய்.

றோட்டு ஓடவில்லைதான். அடுத்த மாசி மாதம் உன் வைத்திய அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு பதினாலு கிழமைதான் நீ இருந்தாய். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ தெளிவாகக் கதைத்த அன்று என்ன சொன்னாய்? "கரவன் பிள்ளையளுக்கு. நீ போய் அந்தத் தண்ணியைப் பாத்துப்போட்டுச் சொல்லு. பந்தயம் பந்தயம்தான்." ஓம் என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு இரண்டு கோடையைச் சும்மா கழித்தேன்.

இந்த வருடம் வசந்தத்தில், லாசாலில் ஒரு தொழிற்சாலையின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில், ஞாயிறு காலைகளில் கரவனை இழுக்கப் பழகினேன். பின்னால் எடுப்பதுதான் கொடுமை. நான் இடம் திருப்பினால் அது வலம் போகும். குகன் நடுவில் நின்று இரண்டு கையாலும் விமானம் இறக்குவார். ஆரணி தன் ஒன்பது வயதுக் கையெழுத்தில் எனக்குப் புள்ளி போட்டாள். முதல் நாள் பத்துக்கு இரண்டு.

புறப்பட்ட அன்று குகன் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு தேசிக்காய் வைத்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏறி நசித்துக்கொண்டுதான் போனேன்.

மட்டகாமிவரை ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கே ஒரு இரவு தங்கினோம். காலையில், முன் மேசையை மடக்கிப் படுக்கையாக்க இடைஞ்சலாக இருந்ததென்று, அதன் கீழே கிடந்த சாமான்களைக் குகன் பின்பக்கம் கொண்டுபோனார். நான் கவனிக்கவில்லை. சாவடியில் அதே கேள்வி. திரும்பும் திகதியை எழுதினேன். என் எழுத்து நேராகத்தான் இருந்தது.

நூறு கிலோமீற்றர் கடந்திருப்போம். இரண்டு பக்கமும் கறுத்த ஊசியிலை மரங்கள், எதிரே ஒரு வாகனமும் இல்லை. ஒரு இறக்கத்தில் கரவன் பின்னால் மெல்ல ஆடத் தொடங்கியது. பிறகு மெல்ல இல்லை. கண்ணாடியில் அதன் வால் ஒருக்கால் இந்தப் பக்கம், ஒருக்கால் அந்தப் பக்கம் தெரிந்தது. எங்கள் வாகனத்தையும் சேர்த்து இழுத்தது.

"பிரேக் பிடியும், பிடியும்!" என்று குகன் கத்தினார்.

பிடிக்கவில்லை. பிடித்தால் கரவன் எங்களைத் தள்ளிப் புரட்டிவிடும் என்று கையேட்டில் வாசித்திருந்தேன். வாசித்தே காலத்தைப் போக்குகிறேன் என்று என்னை எத்தனை தரம் பேசியிருப்பாய்! வேக மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சுக்கானை நேராகப் பிடித்தபடி இருந்தேன். வேகம் குறைந்தது. ஆட்டம் குறைந்தது. கரையில் நிறுத்தினேன்.

பிறகு குகன் மெதுவாக, "திரும்புவமே? ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றார்.

பின்னாலிருந்து ஆரணி, "ஆறாம் கிலோமீற்றருக்கா? திரும்பவும்?" என்றாள்.

அந்தப் பிள்ளை உன்னிடம்தான் கதைக்கப் பழகியிருக்கிறது.

இறங்கினேன். ரயர், கரவனைப் பூட்டும் கொளுவி, சங்கிலி எல்லாம் ஒழுங்கு. ஒவ்வொன்றையும் மூன்று தரம் பார்த்தேன். பிறகு பின்பக்கக் கதவைத் திறந்தேன். இருபது கிலோ அரிசி மூட்டை. அதன்மேல் ஒரு பெட்டித் தேங்காய். பக்கத்தில் இரண்டு பெரிய தண்ணீர்க் கான்கள், புட்டு மா, பருப்பு, ஆட்டுக்கல் ஒன்றுதான் குறை. பாரம் எல்லாம் வாலில். ஆடாமல் என்ன செய்யும்?

"ஒன்பது நாளுக்கு, நாலு பேருக்கு, இருபது கிலோ அரிசியோ?"

"கடை இல்லாத இடத்துக்கெல்லோ போறம்! பிள்ளையள் சோறில்லாமல் என்ன செய்யிறது?"

"நிலவன் பாண்தான் தின்னுறவன்."

"நான் தின்னுவனே" என்றார் குகன், மிகவும் கௌரவமாக.

அந்த நடுக்காட்டில் நின்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நுளம்பு வாய்க்குள்ளே போகிற அளவுக்குச் சிரித்தேன். மூட்டையை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவருமாகத் தூக்கி முன்னுக்கு, மேசையின் கீழே, அது முதலில் இருந்த இடத்திலேயே வைத்தோம். தேங்காயையும் கான்களையும் பிள்ளைகள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். அதே மாதிரி அடுத்த இறக்கம் வந்தது. கரவன் ஒரு மயிரிழை அசையவில்லை.

பெற்றோல் அடிக்கும் இடத்துக்கு வந்தபோது ஆரணி தன் கொப்பியை நீட்டினாள். பத்துக்கு ஒன்பது. மிச்சம் ஒன்று ஏன் என்று கேட்டேன். "சித்திக்குச் சமனாப் போடேலாது" என்றாள்.

அதற்கு மேலே மரங்கள் குட்டையாகிக்கொண்டே போயின. வானம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் கிறீ பழங்குடி மக்களின் ஊரைத் தாண்டி, கல்றோட்டால் போய், படகு இறக்கும் கரையில் நிறுத்தினோம். சாம்பல் நிறத் தண்ணீர். அக்கரை இல்லை. அதைப் பார்த்ததும் அது கடலா என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. ஆனால் பந்தயம் கடலா என்பதல்ல, உப்பா என்பது.

படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம், இந்தத் தண்ணீர் உப்பா என்று கேட்டேன். அவர் என்னையும் எங்கள் வாகனத்தையும் கரவனையும் பார்த்தார். "இதைக் கேக்கவா மொன்றியலில இருந்து வந்தனீங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். பிறகு, "கடல் ஏறினால் உப்பு, வத்தினால் ஆறு. இப்ப ஏறத் தொடங்குது" என்றார்.

உப்பை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வேலையிடத்தில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதை வெளியே எடுக்குமுன் நிலவன் தண்ணீருக்குள் ஓடி, கையால் அள்ளி, வாயில் விட்டுவிட்டான்.

"உப்பு! அம்மா, உப்பு! சித்தி வெண்டிட்டா!"

அவன் வழி முழுக்க மிக்சர் தின்றுகொண்டு வந்தவன். ஐந்து விரலிலும் உப்பும் மஞ்சள் தூளும். இப்படி அசுத்தமான பரிசோதனை மாதிரி ஒன்றை இருபத்தைந்து வருடத்தில் நான் ஏற்றுக்கொண்டதில்லை. ஆரணி என்னைப் பார்த்தாள். குகன் என்னைப் பார்த்தார். கருவி என் பைக்குள்ளே இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

"ஓம்" என்றேன். "சித்தி வெண்டிட்டா."

பிள்ளைகள் கத்தின சத்தத்துக்குக் கரையில் நின்ற பறவையெல்லாம் எழும்பிவிட்டன. படகுக்காரரும் கையை உயர்த்தினார். என்ன பந்தயம் என்று அவருக்குத் தெரியாது. பிறகு நான் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் மட்டத்துக்கு இறங்கினேன். எலும்புவரை குளிர்ந்தது. உனக்கும் சேர்த்துத்தான் நின்றேன், நளா. நீ இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போயிருப்பாய், இல்லையா?

கரவனை விற்கமாட்டோம். அரிசி இன்னும் பதினாறு கிலோ மிச்சம். இன்னொன்றும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்: இனி இரண்டாம் தரம் அளந்து பார்க்காமல் எந்த வாசலிலிருந்தும் நான் திரும்பமாட்டேன்.

பந்தயம் பந்தயம்தான், அக்கா.

உன் தங்கச்சி,
சுபா