பூட்டை எடுத்த வாரம்

செவ்வாய், ஆகஸ்ட் 5, 2003

காலையிலிருந்தே புழுக்கம். பத்து மணிக்குள் இரண்டு முறை கரண்ட் போனது. நர்சிங் ஹோமின் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் சர்வர் இரண்டு முறையும் படுத்து எழுந்தது. எழுந்த பிறகு வார்டு, மருந்தகம், வரவேற்பு மூன்று கம்ப்யூட்டரும் ‘காத்திருக்கவும்’ என்று போட்டு உறைந்து நின்றன.

காரணம் தெரியும். நோயாளி ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு ஃபைல். ஒருவர் திறந்து எழுதும்போது அது பூட்டிக்கொள்ளும், அடுத்தவர் காத்திருக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் பூட்டு யார் கையில் என்பதைச் சர்வர் மறந்துவிடுகிறது. பிறகு யாருக்குமே திறப்பதில்லை.

பெரிய டாக்டர் (இனி பெ.டா.) மாடியிலிருந்து இறங்கி வந்து கத்தினார். “சம்பத், இது நர்சிங் ஹோமா, ரேஷன் கடையா? எல்லாரையும் க்யூல நிக்க வெச்சிருக்க.”

மூன்று கம்ப்யூட்டரிலும் பூட்டை எடுத்துவிட்டேன். ‘நோலாக்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். இனி எதுவும் மற்றதைக் கேட்காது. தான் மட்டுமே எழுதுவதாக நினைத்துக்கொள்ளும். ஆபத்துதான். தற்காலிகம். ஞாயிறு வந்து ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

மாலையில் பெ.டா.: “இப்பதான்யா ஓடுது.” சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

வாங்க: யு.பி.எஸ். பேட்டரி, குழந்தைக்கு இருமல் மருந்து.

ஞாயிறு, 10

மழை வருகிற மாதிரி வந்து போனது. நர்சிங் ஹோம் போகவில்லை. மச்சினர் வீட்டில் விருந்து, சாப்பிட்டுத் தூக்கம். பூட்டு வேலை அடுத்த ஞாயிறு. ஐந்து நாளாக ஒரு புகாரும் இல்லையே.

செவ்வாய், 12

எழுதக் கை வரவில்லை. நடந்தது மட்டும்.

கலைவாணி, திருமுக்கூடல், பத்தொன்பது வயது. சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிவு. காலையில் சேர்த்தார்கள். மாலை நாலு மணிக்கு வலி ஊசி. ஐந்து நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டது. வார்டே ஓடியது. பெ.டா. கூடவே நின்றார். ஆறு மணிக்குத்தான் மூச்சு சீரானது. பிழைத்துவிட்டாள்.

ஊசி போட்டபோது அவள் அம்மா டீ வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்து வார்டு வாசலிலேயே கத்தினாள்: “காலைலியே அந்த சிஸ்டராண்ட சொன்னேனேபா! இந்த ஊசி அதுக்கு ஆவாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!”

அந்த சிஸ்டர் வசந்தா, காலை ட்யூட்டி. ஊசி போட்டது மாலை நர்ஸ். ஃபைலைப் பார்த்துத்தான் போட்டாள். அம்மா சொன்னது அதில் இல்லை.

புதன், 13

வசந்தாவை பெ.டா. அறைக்குக் கூப்பிட்டார்கள். ஃபைலைத் திறந்து காட்ட என்னையும்.

“டைப் பண்ணேன் சார். அந்தம்மா சொல்லிக்கினு இருக்கும்போதே அடிச்சேன். சத்தியமா.”

“சம்பத், காட்டு.”

காட்டினேன். ‘ஒத்துக்கொள்ளாத மருந்து’ என்ற கட்டம் காலி.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா?” பிறகு என்னைப் பார்த்து, “சொல்லுமாய்யா?”

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை. பெ.டா. இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். பதினொன்றரைக்கு வசந்தா டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதினோரு வருட வேலை.

மதியம், ப்ரோக்ராம் தானாக எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். கலைவாணி ஃபைல்: 10.40, வார்டிலிருந்து சேமிப்பு. 10.42, வரவேற்பிலிருந்து சேமிப்பு. முகவரியைத் திருத்துவதற்காக வரவேற்பில், வசந்தா அடிக்கும் முன்பே திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய நகலைச் சேமித்ததும் வசந்தா அடித்த வரி அழிந்துவிட்டது. பூட்டு இருந்திருந்தால் வசந்தா இரண்டு நிமிடம் காத்திருந்து அடித்திருப்பார். அவ்வளவுதான்.

வியாழன், 14

வெயில். சொல்லவில்லை. பெ.டா. இரண்டு முறை தனியாக இருந்தார். ஒரு முறை அறைக்குள்ளேயே போய், பிரிண்டர் ரிப்பன் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

வெள்ளி, 15

கொடியேற்றம், மிட்டாய். கடைசி ஆடி வெள்ளி, கோயில் பக்கம் நடக்க இடமில்லை.

மாலை நர்ஸ் மருந்தகத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “வசந்தாக்கா யாராண்டயும் பேசறதில்லியாம். சோறுகூட சரியா துன்றதில்லியாம்.” மிட்டாய் என் வாயில் இருந்தது. வெளியே போய்த் துப்பினேன்.

சனி, 16

ஏழு மணிக்கே போனேன். பூட்டுகளை நினைவில் வைத்திருக்கும் சின்ன ப்ரோக்ராம், சர்வர் எழும்போது கூடவே எழவில்லை. ஆதியிலிருந்தே அதுதான் கோளாறு. அதை எழ வைத்தேன். ‘நோலாக்’கை மூன்றிலும் எடுத்தேன். சர்வரை நானே இரண்டு முறை அணைத்துப் பார்த்தேன். ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருந்து திறந்தது.

நாற்பது நிமிட வேலை. நாற்பது நிமிடம்.

பிறகு பெ.டா.விடம் எல்லாவற்றையும் சொன்னேன், காகிதத்தில் படம் போட்டு. படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

“நானும்தான் அவசரப்படுத்தினேன்” என்றார். அப்புறம், “பொண்ணு பொழைச்சிடுச்சு. இப்ப வெளிய சொன்னா நர்சிங் ஹோம் பேருதான் கெடும். வசந்தாவைத் திரும்ப வரச் சொல்லு. காரணம் எதுவும் சொல்லாத.”

“காரணம் சொல்லாம எப்பிடி சார் கூப்பிடறது?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் இஷ்டம்.”

ஞாயிறு, 17

ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை. வசந்தாவின் கணவர் உள்ளே நெய்துகொண்டிருந்தார். எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி. வசந்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூட்டை எடுத்தது, ஞாயிறு தூங்கியது, புதன்கிழமை தலையாட்டியது, எல்லாம் சொன்னேன்.

அழுவார், திட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

“அப்ப நான் அடிச்சேனா சார்?”

“அடிச்சீங்க சிஸ்டர். பத்து நாப்பதுக்கு.”

“நாலு நாளா, நான்தான் அடிக்கலியோன்னு நெனச்சிக்கினு இருக்கேன். அந்தம்மா சொன்னது ஞாபகம் இருக்குது. அடிச்சதுதான் நெசமா, நானா நெனச்சிக்கிறனான்னு தெரியாம பூடுச்சு.” உள்ளே திரும்பி உரக்க, “இன்னாங்க, கேட்டீங்களா? அடிச்சிருக்கேன்!”

தறிச் சத்தம் நின்றது.

வேலைக்கு அழைத்தேன். வரமாட்டாராம். “பதினோரு வருசம் பாத்த என்னை ஒரு நிமிசம்கூட நம்பலியே சார். நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க.” நாற்காலியிலிருந்து எழுந்தேன். “ஒண்ணு பண்ணுங்க. நடந்தத எழுதிக் குடுங்க. அடுத்த எடத்துல கேப்பாங்க. அந்தப் பொண்ணோட அம்மாவாண்டயும் காட்டணும்.”

திங்கள், 18

தூறல். காலையில் உட்கார்ந்து எழுதினேன், மூன்று முறை மாற்றி. வேலைக்குப் போகும் முன் ஐயம்பேட்டை.

வசந்தா வாசலில் நின்றே படித்தார். விரல் வைத்து, வரி வரியாக. இரண்டாவது வரியில் விரல் நின்றது.

“‘கணினிப் பிரிவில் நேர்ந்த தவறு காரணமாக’ன்னு போட்ருக்கீங்க.”

“ஆமா.”

“பிரிவுன்னா யாரு சார்? நீங்க ஒருத்தர்தான அங்க?”

பேனாவை எடுத்து அடித்துத் திருத்தப் போனேன்.

“அடிச்சு எழுதாதீங்க. வேற தாள் தர்றேன்.” மகளின் நோட்டிலிருந்து நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். மடியில் வைத்து, ‘நான்’ என்று ஆரம்பித்தேன்.