வெள்ளைக் காது நாய்

தேஹு ரோடு
7 ஜூலை 2024

பத்து நாளாக வீட்டுப் பக்கம் தலைகாட்டாத அப்பாவுக்கு,

கரோலின் எழுதுகிறேன். போதை மீட்பு இல்லத்தில் இருக்கிறீர்கள். அதனால் இல்லத்தில் இல்லை. அங்கே ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாமே! பரீட்சை நேரத்தில் அம்மா எனக்குச் செய்ததை இப்போது உங்களுக்கு யாரோ செய்கிறார்கள். எனக்குப் பரம திருப்தி. அறுபது நாளும் கடிதம் மட்டும்தான் என்றார்கள். ஹிந்தியில் எழுதினால் அங்கே எல்லாரும் படிப்பார்கள். அதனால் ஞாயிறு பள்ளியில் கற்ற தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னியும். ‘மன்னியும்’ மட்டும் எனக்குப் பிழையில்லாமல் வரும்.

செய்தி: மழை விடவில்லை. என் முழங்கை வானிலை அறிக்கையை விடச் சரியாகச் சொல்கிறது. நம் பில்டிங் வாசலில் ‘லிஃப்ட் பழுது’ என்று மராத்தியில் எழுதி ஒட்டினேன். நம் பில்டிங்கில் லிஃப்டே கிடையாது. ஆனாலும் எப்போது சரியாகும் என்று மூன்று பேர் செக்ரட்டரியிடம் சண்டை போட்டார்கள்.

அம்மா ஸ்கூலுக்குப் போகிறார், வருகிறார், பேசுவதில்லை. நேற்று மட்டும், “குடி போனாத்தான் குடித்தனம். இல்லன்னா சிஞ்ச்வட்ல எங்க அண்ணன் வீடு இருக்கு” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அறையில் நானும் ஃபிரிட்ஜும்தான் இருந்தோம்.

உங்கள் ஒரே மகள் (வேறு யாரும் இருந்தால் இப்போதே சொல்லிவிடவும்)
கரோலின்


கராடி
15 ஜூலை 2024

அன்பு மகள் கரோலினுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கை நடுக்கம் நின்றுவிட்டது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும். லிஃப்ட் விஷயத்தில் செக்ரட்டரி கையில் மாட்டாதே.

இங்கே எனக்குக் கண் ஓட்டும் சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். வைஷாலி மேடம் எதிரே உட்கார்ந்து இரண்டு விரலை இடமும் வலமும் ஆட்டுவார். தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். அதே நேரம், நம்மை உள்ளே அரிக்கிற ஒரு காட்சியை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அது எத்தனை வேதனை என்று பத்துக்கு மார்க் போடச் சொல்வார். கண் ஓட ஓட மார்க் குறைய வேண்டும். குறைந்தால், அதை மறக்கக் குடிக்கிற தேவையும் குறையும் என்கிறார். பக்கத்துக் கட்டில் ஹரிபிரசாத்துக்கு ஒன்பதிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டது.

என் காட்சி எது என்று உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு உன்னைப் பின்னால் வைத்து ஸ்கூட்டரில் வரும்போது குறுக்கே பாய்ந்ததே, அந்த வெள்ளைக் காது நாய். உன் கை அதில்தானே போயிற்று. தினமும் குடிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

எனக்கு எட்டு மார்க்.

உன் அப்பா
வேதமணி


தேஹு ரோடு
22 ஜூலை 2024

எட்டு மார்க் எடுத்த அப்பாவுக்கு,

மார்க் குறைந்தால் பாஸ் என்கிற பரீட்சையா? எனக்கும் அங்கே அட்மிஷன் கேளுங்கள். கணக்கில் முதல் ராங்க் எனக்குத்தான்.

ஒரு சந்தேகம். சும்மாதான் கேட்கிறேன். காட்சி தப்பாக இருந்தால் என்ன ஆகும்? அதாவது, நடந்தது ஒன்று, நினைத்துக்கொண்டிருப்பது வேறொன்று என்றால்? மேடத்திடம் கேட்டுச் சொல்லுங்கள். அவசரமில்லை.

அவசரம்தான்.

கரோலின்


கராடி
29 ஜூலை 2024

அன்பு மகளுக்கு,

மேடத்திடம் கேட்டேன். ஞாபகம் என்பது போட்டோ இல்லை, வருவது வரட்டும், நீங்கள் பாருங்கள் என்றார்.

நாய்தான் வருகிறது. நாளுக்கு நாள் தெளிவாக வருகிறது. முதலில் காது மட்டும். பிறகு கழுத்தில் ஒரு சிவப்புப் பட்டை. நேற்று அது நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. “மேடம், அந்த நாய நான் மன்னிச்சாச்சு. அதுதான் என்னை விடமாட்டேங்குது” என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

மார்க் ஏழில் நிற்கிறது. மூன்று முறை ஆகியும் அசையவில்லை. ஆகஸ்ட் 25 அன்று அனுப்பிவிடுவார்கள். ஏழோடு வீட்டுக்கு வர எனக்குப் பயமாக இருக்கிறது, கரோலின். ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்திலேயே கடை இருக்கிறது.

இதை அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா


தேஹு ரோடு
4 ஆகஸ்ட் 2024

அப்பா,

இந்தக் கடிதத்தில் ஜோக் கிடையாது. எங்காவது இருந்தால் கை தவறி வந்தது.

நாய் இல்லை.

சிவப்புப் பட்டையும் திரும்பிப் பார்த்ததும் நீங்கள் சேர்த்தவை. வெள்ளைக் காது நான் சேர்த்தது. நாயே நான் சேர்த்ததுதான்.

அன்றைக்குப் பாட்டுப் பயிற்சி முடிந்து சர்ச் வாசலில் நின்றேன். நீங்கள் வண்டியை நிறுத்தியதுமே வாசனை வந்தது. ஆனாலும் ஏறினேன். “ஏட்டி, கெட்டியாப் பிடிச்சுக்கோ” என்றீர்கள். ரோடு நேராக, காலியாக இருந்தது. நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அவ்வளவுதான். வண்டி டிவைடரில் ஏறியது. உங்களுக்கு நெற்றியில் ஒரு கீறல். எனக்கு முழங்கையில் மூன்று ஸ்க்ரூ.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வலிக்குதா என்று கேட்கவில்லை. “அப்பா குடிச்சிருந்தாவளா? உண்மையச் சொல்லுட்டி” என்றார். ஆமாம் என்றால் அன்றைக்கே நாங்கள் சிஞ்ச்வட் போயிருப்போம். “நாய் வந்துச்சும்மா” என்றேன். “என்ன நாய்?” டீச்சர் இல்லையா, விடமாட்டார். “செவலை நாய். ஒரு காது மட்டும் வெள்ளை.” அம்மாவுக்கு நம்புவதற்கு அந்த ஒரு காது போதுமானதாக இருந்தது.

மறுநாள் நீங்களே எல்லாரிடமும், “பாய்ஞ்சு வந்துச்சு பாருங்க” என்றீர்கள். நான் செய்த சேட்டைகளில் ரொம்ப நாள் ஓடியது இதுதான்.

இல்லாத நாய்க்கு மார்க் எப்படிக் குறையும்? அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் சுவரேறிக் குதித்துக் கடைக்குப் போகலாம். போகாமலும் இருக்கலாம்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்கள் சொல்லுங்கள். வீட்டில் யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும் என்பதை இரண்டு வருஷமாக நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இப்போதுதான் பதினாறு.

கரோலின்


கராடி
17 ஆகஸ்ட் 2024

கரோலினுக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒன்பது நாள் ஆகிறது. சுவர் ஏறவில்லை. இரண்டு முறை கிட்டப் போய்ப் பார்த்தேன். உயரம் குறைவுதான்.

மூன்றாம் நாள் அதை மேடத்துக்கு வாசித்து, ஹிந்தியில் வரிக்கு வரி சொன்னேன். ஒரு வரியையும் விடவில்லை. அவர் நாயைப் பற்றிப் பேசவே இல்லை. “சரி, உங்களுக்கு நிஜமாகவே ஞாபகம் இருப்பது எது?” என்று மட்டும் கேட்டார்.

தேடிப் பார்த்தேன். வண்டி விழுந்தது ஞாபகம் இல்லை. நீ விழுந்ததும் ஞாபகம் இல்லை. இதை எழுதத்தான் இத்தனை நாள்.

ஆஸ்பத்திரி ஞாபகம் இருக்கிறது. கட்டுப்போட்ட கையோடு நீ படுத்திருந்தாய். அந்த நாய் எப்படிக் குரைத்தது என்று நர்ஸுக்குக் குரைத்துக் காட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பிள்ளைக்கு என்ன தைரியம் என்று பெருமைப்பட்டேன்.

அதற்கு எத்தனை மார்க் என்று மேடம் கேட்டார். பத்து என்றேன். இதிலிருந்து ஆரம்பிப்போம் என்று விரலைத் தூக்கினார்.

அம்மாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே தபாலில் அவள் பெயருக்கு வரும். அவள் கிளம்புகிறேன் என்றால் தடுக்காதே. எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. கூடப் போ.

25 அன்று நான் வரவில்லை. இன்னும் அறுபது நாள் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி உனக்குத் தேஹு ரோட்டுக்கு எழுதுவதா, சிஞ்ச்வட்டுக்கா என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு.

அப்பா