ஏழாவது குழாயும் இளமாறன் அங்கிளின் கையெழுத்தும்

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்,
புதன்கிழமை

அன்பு மகள் நிவேதிதாவுக்கு அம்மா ஆசையோடு சொல்வது, எழுதுவது உன் தங்கை ரக்ஷனா. உங்கள் ஆய்வுக் குழுவின் இணையப் பக்கத்துக்காக நீ அனுப்பிய நன்றிப் பட்டியலைத் திறந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது எழுத்தின் அளவுதான் அக்கா. உங்கள் பேராசிரியர் பெயரும் ஆய்வகத்தில் பாட்டில் கழுவுகிற ருக்கையா ஆன்ட்டியின் பெயரும் ஒரே அளவில் இருந்தன. அம்மாவிடம் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் வலது மணிக்கட்டு மட்டும் இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது, அதனால்தான் இது என் கையெழுத்தில் வருகிறது. போனில் சொன்னால் நீ பாதி கேட்டுப் பாதி சமைப்பாய், எழுதினால்தான் உட்கார்ந்து படிப்பாய் என்கிறார். இந்தப் பருவம் படிக்க நீ போயிருக்கிற ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போகவேண்டுமாம், ரசப்பொடி தீர்ந்தால் கூச்சப்படாமல் கேட்கவேண்டுமாம்.

பட்டியலில் என் பெயரையும் போட்டிருக்கிறாய். பள்ளியை விட்ட பிறகு என் பெயரை நான் அச்சில் பார்த்ததே இல்லை. நான் வேலை பார்க்கிற பூஜைப் பொருள் கடையிலிருந்து முதலாளி இளமாறன் அங்கிள் எடுத்துக் கொடுத்த ஏழு வகைக் குங்குமத்தை இங்கே பல்கலைக்கழகத்தில் இருக்கிற உன் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. கொடுத்துவிட்டு ஓடிவரத்தான் இருந்தேன், உன் தோழி ஆட்ரி விடவில்லை, இருந்து பாரு லா, உன் பாக்கெட்தானே என்றார். உடம்புக்கு விஷமான ஈயம் பட்டால் மட்டும் பச்சையாக ஒளிரும்படி நீங்கள் மாற்றி வளர்த்த பாக்டீரியாவாம், கண்ணுக்கே தெரியாத உயிர், அதற்குக் கண்ணும் கிடையாது மூக்கும் கிடையாது. அறை விளக்கை அணைத்து நீல விளக்கைப் போட்டார். ஆறு குழாய்கள் இருட்டாகவே இருந்தன, ஏழாவது ஒளிர்ந்தது. கோயிலில் திரை விலகும்போது பேச்சு தானாக நின்றுபோகுமே, அப்படி நின்றேன். பெரிய இயந்திரத்தில் சரிபார்க்கும்வரை யாரிடமும் சொல்லாதே, எங்கள் சோதனை தப்பாகவும் இருக்கலாம் என்றார் ஆட்ரி. எம்ஆர்டி ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது நாங்கள் தினமும் விற்கிற பாக்கெட் என்பதே எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலை உன் மின்னஞ்சல் வந்தது, ஏழாவதில் ஈயம் இருப்பது உறுதி, பேராசிரியர் அரசாங்கத்தில் உரிய இடத்துக்கு எழுதிவிட்டார், இனி நன்றிப் பக்கத்தில் கடையின் பெயரையும் அங்கிளின் பெயரையும் போடலாமா என்று அவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும், தயங்கினால் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்காரர் என்று மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று. அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நன்றி சொல்றேன்னு அந்த மனுஷன் கடையை இழுத்து மூட வைக்கப் போறீங்களா, நீ பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தப்ப கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர், பேர் போடாமலே விட்டுடச் சொல்லு என்றார். உன்னையும் திட்டினார், அதை எழுதவேண்டாம் என்றும் சொன்னார்.

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு திங்கள் முழுவதும் சும்மா இருந்தேன். செவ்வாய் மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அங்கிள் முன்னால் வைத்தேன். விஷயத்தை முழுவதும் சொல்லி முடித்தேன். ஒன்றரை வருஷமா என் கடையில மூணு வார்த்தைக்கு மேல பேசாத பொண்ணு, இன்னிக்குப் பேசறாளே, நல்ல சேதின்னு நெனச்சேன் என்றார். எது என்று கேட்டார், அலமாரியின் மூன்றாவது தட்டில் இருந்த அந்தப் பாக்கெட்டைக் காட்டினேன். அவர் நெற்றியில் வைத்திருந்ததும் அதுதான் அக்கா. கைக்குட்டையால் துடைத்தார். பிறகு எழுந்துபோய் அந்தத் தட்டில் இருந்ததை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டினார். நான் அம்மா சொன்னதைச் சொன்னேன், பெயர் போடாமலும் விடலாமாம் அங்கிள், யாருக்கும் தெரியாது. அதற்கு அவர், வாங்கிட்டுப் போனவங்களுக்கும் தெரியாமப் போயிடுமே என்றார். சரக்கு வேற யாரோ பண்ணினது, கொடுத்தது நான்தானே, கடைப் பேரைப் பெரிசாவே போடச் சொல்லு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தை அப்போதே உனக்குப் போனில் அனுப்பிவிட்டேன். வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் பேருக்கு முன்னால திரு போட்டிருக்காளான்னு பாரு என்று மட்டும் கேட்டார்.

ஒரு நிபந்தனை உண்டு. வெள்ளிக்கிழமை உங்கள் பக்கம் வெளிவருவதற்கு முன்னால், மொத்தமாக வாங்கியவர்களும் வீட்டுக்கு வாங்கும் பழைய வாடிக்கையாளர்களும் நம் வாயால்தான் கேட்கவேண்டும் என்று அங்கிள் சொல்லிவிட்டார். கடை நோட்டில் இருபத்துமூன்று எண்கள் இருக்கின்றன. கண்ணால் பார்த்தவள் நான் என்பதால் நான்தான் அழைக்கவேண்டுமாம்.

அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, உன் குழுப் பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி தனியே நடக்காதே. இளமாறன் அங்கிளுக்கு நீயே உன் கையால் நாலு வரி எழுதிப்போடு, மறக்காதே.

இப்படிக்கு உன் அம்மா,
பூவம்மா
(இடது கையால் போட்டது, சிரிக்காதே)

பி.கு. அம்மாவுக்கு இன்னும் சொல்லாத ஒன்று. நோட்டில் முதல் எண் ஈசூனில் இருக்கும் முத்தாயி ஆன்ட்டியுடையது. மகளின் குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழாவுக்காகத் திங்கட்கிழமை மாலை அதே குங்குமத்தில் ஐந்து பாக்கெட் வாங்கினார். உன் மின்னஞ்சலைப் படித்த பிறகு நான்தான் பில் போட்டு, பையில் போட்டுக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. விழா நாளைக்கு. இன்று காலை கடை திறந்ததும் அவர் எண்ணை அழுத்தினேன். எடுத்து யார் என்று கேட்டார், என் பெயரைச் சொன்னேன், பிறகு தெரிந்தே கொடுத்ததையும் சொன்னேன்.