கேப்டன் மறைத்த காயம்

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் நான் நம்புவதாக இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பதக்கச் செய்தி. ரேடியோவில் உங்கள் பெயரைச் சொன்னதும், மாமா பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு தெருவுக்கு ஓடிவிட்டார். தன் பிள்ளைக்கு வீரப் பதக்கம் என்று எதிர்வீட்டு டாக்டரிடம், பால்காரரிடம், வழி தெரியாமல் நின்ற யாரோ ஒருவரிடம்கூடச் சொல்லியாயிற்று. சாயங்காலம் ஒரு பத்திரிகை நிருபர் வந்து, கேப்டன் சின்ன வயதிலேயே தைரியசாலியா என்று கேட்டார். "பல்லு பிடுங்கப் போனா நாலு பேர் பிடிச்சுக்கணும்" என்றார் மாமா. பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவார் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். மனிதர் ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை.

நேற்று உங்கள் கர்னல் வீடு தேடி வந்தார். பீரங்கிக் குண்டு விழுந்து லாரி எரிந்ததையும், நீங்கள் திரும்பத் திரும்ப உள்ளே போய் ஆட்களை இழுத்து வந்ததையும் அவர் விவரமாகச் சொன்னார். கடைசியாக, இரண்டு மூட்டை கனமிருக்கும் சமையல்காரரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "இவன் போயிட்டா நாளைக்கு யாருய்யா சமைக்கிறது?" என்றீர்களாமே! எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு, "வலது கையை எடுத்த பிறகும் கேலிப் பேச்சை விடலைம்மா அவர்" என்றார் கர்னல், எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில்.

"ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனேன். அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன். டீத்தூள் வாங்கப் போயிருப்பாள் என்று மாமா சமாளித்தாராம்.

கையில் சின்னக் காயம், அதனால் நர்ஸம்மா எழுதித் தருகிறார், பார்க்க வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்களே. இப்படியா கட்டினவளுக்குக் காது குத்துவது?

அழுதேன், இல்லையென்று சொல்லமாட்டேன். அழுது முடித்துத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். உங்கள் சட்டைகளில் பொத்தான்களைப் பிரித்துவிட்டு, அழுத்தினால் மூடிக்கொள்கிற பட்டன்களாக வைத்திருக்கிறேன். இடது கையால் போட்டுப் பார்த்தேன். சுலபம்தான்.

நம் மகளிடம் பக்குவமாகச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். "இன்னொரு கை இருக்குல்ல? ரோடு தாண்டும்போது நான் அதைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளுக்கு இருக்கிற தெளிவு கேப்டனுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை ரயிலில் நானும் அவளும் புறப்பட்டு வருகிறோம். வராதே என்று தந்தி அடித்தால், வாங்கிக் கிழித்துவிடுவதாக மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார். எங்களைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தீர்களோ, இத்தனை வருஷமாக என் வாயில் வராத உங்கள் பெயரை வார்டே அதிரக் கூப்பிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எனக்கு வேண்டியது நீங்கள். அதில் பாதி, முக்கால் என்ற கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது.

கோபமும் ஆசையுமாக,
உங்கள் மனைவி