டி செல்லுக்கும் ஒரு வாய்ச்சொல்

ஈஸ்ட் ஹாம்

அன்பும் அதைவிடக் கூடுதலாக வாயும் உள்ள தவநாயகிக்கு,

நீரும் மாமியும் சுகம்தானே? உம்முடைய முழங்கால் வலியை மனோர் பார்க் கோயில் முருகனிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதுகில் வெட்டியெடுத்த கெட்ட மச்சம், அந்தப் புற்று, திரும்ப வராமல் இருக்க ஊசி போடுகிறார்கள். இந்த முறை கை வீங்கிக் காய்ச்சலும் வந்தது. பயந்துபோய்க் கேட்டால், தாதி மிதுஷா சிரிக்கிறாள்.

"நல்லது அங்கிள். உங்கட உடம்பில டி செல் எண்டு சண்டைக்காரர் இருக்கினம். காவல் செல் ஒண்டு எதிரியின்ரை துண்டைக் கொண்டுபோய் அவைக்குக் காட்டும். காட்டினா மட்டும் காணாது. 'ஓம், வெளிக்கிடு' எண்டு இன்னொரு சைகையும் குடுக்கவேணும். இல்லாட்டி மரத்துப்போய்ப் படுத்திடுவினம். காவல் செல்லை உசுப்பத்தான் இந்த ஊசி. அது உசும்பினதாலதான் காய்ச்சல்."

"அட, என்ரை அண்ணையைப் போல," என்றேன். "கலியாணக் காட் மட்டும் அனுப்பினா வரமாட்டார். வீட்டுக்குப் போய் வாய் திறந்து கேக்கவேணும். கேக்காட்டி பிறகு செத்தவீட்டுக்கும் வரார்."

"அதே அண்ணைமார்தான் உள்ளுக்க," என்றாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்பொன்சர் கடிதம் அனுப்பினேன், உமக்கு விசாவும் வந்துவிட்டது. ஆனால் நீர் இன்னும் டிக்கெட் போடவில்லை. நான் காட் மட்டும்தானே அனுப்பியிருக்கிறேன்!

முதுகுக் கட்டு என் கைக்கு எட்டாது. அறையில் கூட இருக்கும் ரதீசன் சுவரொட்டி ஒட்டுவதுபோல ஒட்டிவிடுகிறான். உடுத்திக்கொண்டு படுக்க மெத்தென்ற பழைய சாரம் இரண்டு கொண்டுவாரும்.

நான் வேலை செய்யும் கடைக்கு மீன் பெட்டி வந்து நிற்கிறது, ஓடவேண்டும். தவம், வாய் திறந்து கேட்கிறேன், வாரும். எனக்கு நீர் பக்கத்தில் வேணும்.

உம்முடைய
யோகலிங்கம்