எங்கள் வீட்டு ஒட்டகச்சிவிங்கியை அப்புறப்படுத்தக் கோரி

அனுப்புநர்:
ப. வைத்யநாதன்,
எழுத்தர், ரயில்வே பணிமனை,
யாதவகிரி, மைசூரு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழு,
மைசூரு.

பொருள்: சிறு குழந்தைகள் பார்க்கும் நிகழ்ச்சிகளின் நடுவே வரும் விளம்பரங்களை நிறுத்தக் கோருதல் – ஒரு ஒட்டகச்சிவிங்கி எங்கள் வீட்டில் குடியேறியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழே எழுதப்போவதை இந்த மாவட்டத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். தாங்களும் நம்பவேண்டியதில்லை, கடைசிவரை படித்தால் போதும். கன்னடப் பிரதி இணைப்பில் உள்ளது. அதை எழுதிய என் தங்கை கணவர் பரத்வாஜ் முக்கால்வாசியை வெட்டிவிட்டார். ஆகவே இதையே அசலாகக் கொள்ளவும்.

1. என் தங்கை சீதாலக்ஷ்மியின் மகள் அனகாவுக்கு வயது ஐந்து. எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாலையில் அவள் பார்க்கும் கார்ட்டூனுக்கு நடுவே, பாலில் கலந்து குடிக்கும் ஒரு பவுடரின் விளம்பரம் வருகிறது. பெயரை எழுதினால் இந்த மனுவும் விளம்பரமாகிவிடும் என்பதால் விடுகிறேன். அதில் ஒரு ஒட்டகச்சிவிங்கி, பள்ளி போட்டோவுக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி டேப்பால் அளக்கிறது. குட்டையான பையனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, "வளர்ந்துட்டு அப்புறம் திரும்பு!" என்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். பவுடரைக் குடித்தபின் பையன் திரும்புகிறான். தாங்களே பார்த்துக்கொள்ளலாம், தினமும் வருகிறது.

2. நவராத்திரிக்கு முன்னால் ஒரு மாலை, அந்த ஒட்டகச்சிவிங்கி திரையிலிருந்து வெளியே வந்தது. முதலில் காது. பிறகு கழுத்து. பிறகு இன்னும் கழுத்து. அந்தக் கழுத்து கூடத்தைக் கடந்து, அடுக்களையில் இருந்த சாம்பாரை ஒரே உறிஞ்சில் தீர்த்து, வென்டிலேட்டர் வழியாக வெளியே போய், சாமுண்டி மலைக் கோபுரத்தோடு உயரம் பார்த்துவிட்டுத் திரும்பியது. பின் எங்களை அளந்தது. நான் ஐந்தடி ஒரு அங்குலம். அது சிரித்த சிரிப்பில் ரயில்வே யார்டில் நின்ற எஞ்சின்கள் நடுங்கின.

3. டிவியை அணைத்தோம். பிளக்கைப் பிடுங்கினோம். மேலே போர்வையைப் போட்டோம். போர்வை மூச்சு விட்டது. ஆளில்லாத கூடத்தில் டேப்பை இழுத்து விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேபிள்காரர் கிரணிடம் முறையிட்டேன். "ரிமோட் உங்க கையிலதானே சார் இருக்கு, யாக்கே, எதுக்கு டென்ஷன்?" என்றார். நியாயம்தான். திரையை அணைக்க அதில் பொத்தான் இருக்கிறது. திரையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நடமாடுவதை அணைக்கப் பொத்தான் இல்லை.

4. கொலு வைத்தோம். மறுநாள் பார்த்தால், குட்டையான பொம்மைகள் யாவும் சுவரைப் பார்த்து நிற்கின்றன. செட்டியாரும் மனைவியும் முதுகு. பிள்ளையாரும் முதுகு. மேல்படியில் உயரமான ராஜா ராணி மட்டும் எங்களை நேருக்கு நேர் பார்த்தார்கள். திருத்தி வைத்தோம். மாலைக்குள் மறுபடி முதுகு. "அண்ணா, இது உன் வேலைதானே? சும்னிரு, கொழந்தை பயந்துக்கறா!" என்று தங்கை திட்டினாள். வீட்டில் என் பெயர் அப்படி.

5. அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெண்கள் தாம்பூலத்துக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே ஒட்டகச்சிவிங்கி, பட்டுப்பாவாடை கட்டியிருந்த அனகாவைத் தூக்கி, கடைசிப் படியின் ஓரத்தில் சுவரைப் பார்த்து நிறுத்தியது. தசரா ஊர்வலத்து ஜம்பூசவாரி யானைகளைக் கட்டி இழுத்தாலும் அவளைத் திருப்ப முடியாது. பாடச் சொன்னார்கள். சுவரிடம் பாடினாள்.

6. நமக்கு விளம்பரம் வந்தால் தெரியும், ஐயா. எழுந்து காபி கலக்கப் போவோம். ஐந்து வயதுக்குக் கார்ட்டூன் எங்கே முடிகிறது, வியாபாரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பேசுவது வியாபாரி என்றே அறியாத குழந்தையிடம், "நீ போதாது" என்று சொல்ல யாருக்கும் அனுமதி இருக்கக் கூடாது. தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அனகாவின் வகுப்பில் போட்டோ எடுக்கிறார்கள். அவள் எந்தப் பக்கம் பார்த்து நிற்பாள் என்பதே எங்கள் வீட்டின் இன்றைய கவலை.

எனவே, சிறு குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளின் இடையே எந்த விளம்பரமும் வராதபடி தாங்கள் ஆவன செய்யவேண்டும். அது தங்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டது என்றால், மேலிடத்துக்குப் பரிந்துரைத்து எழுதவேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மேற்கண்டவை யாவும் உண்மை என்று இந்த இடத்தில் உறுதி கூறுவது வழக்கம். என்னால் இயலாது. ஒட்டகச்சிவிங்கி திரையை விட்டு வெளியே வரவில்லை. சாம்பாரைத் தீர்த்தது நான். எஞ்சின்கள் நடுங்கவில்லை, போர்வை மூச்சு விடவில்லை, பொம்மைகள் நேராகத்தான் இருந்தன. ஐந்தாம் பத்தியில் ஒரு சிறு பகுதி மட்டும் உண்மை. அனகா சுவரைப் பார்த்து நின்றாள். அவளை யாரும் திருப்பி நிறுத்தவில்லை. "மாமா பக்கம் திரும்புடி கண்ணு" என்று கூப்பிட்டேன். "இரு மாமா, நான் இன்னும் வளரல" என்றாள்.

ஒரு வரிக்கு மட்டும் உண்மையுள்ள,
ப. வைத்யநாதன்
(கையொப்பம்)

இடம்: மைசூரு
நாள்: 05.10.2025