ஊமைக் கட்டை

டயகம, மேற்பிரிவு
2007 மாசி

அன்பு மகன் சுமனுக்கு, அப்பா சோலைமலை சொல்லச் சொல்லத் தங்கச்சி பூரணி எழுதுவது. மாரியாத்தா கண் பார்த்ததில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், அங்கே நீயும் மருமகள் நிஷாந்தியும் பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கு வைக்கிறேன். மழை விட்டுவிட்டது, இப்போது விடியலில் பனி கொட்டிக் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகுகிறது. பூரணிக்குப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள், தினமும் தொண்டை கட்டிப்போய்த்தான் வருகிறாள். என் முழங்கால் அப்படியேதான், அதை விடு.

நீ அனுப்பிய கீபோர்டும் கம்ப்யூட்டரும் மருமகளின் அண்ணன் கையால் பத்திரமாக வந்து சேர்ந்தன. அம்மா காரியத்துக்கு வந்தபோது கோயில் ஆர்மோனியத்தை ஒவ்வொரு கட்டையாக அமுக்கி மைக்கில் பிடித்துக்கொண்டு போனாயே, அது அப்படியே இதற்குள் இருக்கிறது. துருத்தி இரைகிறதுகூடக் கேட்கிறது. ஆர்மோனியம் வாசிக்கிற கந்தப்பன் மாமா தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னா சோல, ஒம் மகன் என் இழுப்பையும் சேத்துல்ல புடிச்சிக்கிட்டு போயிருக்கான்" என்று சிரித்தார். பழைய பெட்டியின் துருத்தியை மழைக்காலத்தில் எலி கடித்துப்போட்டது, இனி அதில் காற்று நிற்காது, அதனால் கோயிலுக்கு இனி உன்னுடையதுதான்.

தை மாதம் அம்மாவின் வருடத் திதிக்கு பஜனை வைத்தோம். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கோயிலுக்குத் தகரக்கூரை போட்ட வருடம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கந்தப்பன் மாமா வழுக்கி விழுந்தார், அன்றோடு நடுவிலிருக்கும் ஒரு வெள்ளைக் கட்டை ஊமையாகிவிட்டது. மங்களத்தில் அந்தக் கட்டை வரும் இடத்தில் மாமா விரல் பழக்கத்தில் அமுக்கும், சத்தம் வராது, உன் அம்மா லெச்சுமிதான் அந்த இடத்தைத் தன் குரலால் பிடிப்பாள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு அவளுக்கு விடுவார்கள். அவள் போன பிறகும் அங்கே யாரும் பாடுவதில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை, எல்லோரும் அந்த இடத்தில் சும்மா நிற்போம், பிறகு சேர்ந்து பாடுவோம். திதியன்று மாமா உன் கீபோர்டில் அதே கட்டையை அமுக்கினார். கணீரென்று வந்தது. மாமா சுட்டதுபோலக் கையை எடுத்துவிட்டார். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த மீனம்மா அத்தை, "லெச்சுமி எடத்துல யாருய்யா அது?" என்று கேட்டாள். மங்களம் பாதியிலேயே நின்றது.

கெட்டுக்கிடந்த கட்டைக்குப் பக்கத்துக் கட்டையின் குரலை இழுத்துச் சரிபண்ணிக் கொடுத்தேன் என்று நீ போனில் சொன்னதாகப் பூரணி சொல்கிறாள். ராப்பகலாக அண்ணன் செய்ததைக் குறை சொல்லி எழுதவேண்டாமே அப்பா என்று அவளுக்கு மனவருத்தம். குறை இல்லை தம்பி, உடைந்ததை ஒட்டவைப்பது நல்ல பிள்ளை செய்கிற வேலைதான். அந்தக் கட்டையைத் தொடாமல் வாசிக்கலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன், மாமா விரல் கேட்கமாட்டேன் என்கிறது, அவருக்குப் பிறகு வாசிக்க வருகிறவருக்கு அங்கே நிற்கவேண்டும் என்றே தெரியாது. பங்குனியில் தேர், அன்றைக்கும் மங்களம் பாடியாக வேண்டும். அதற்குள் அதை மறுபடி ஊமையாக்கி ஒரு சீடியில் போட்டு அனுப்பு.

வெறும் ஊமையாகவும் வேண்டாம். அம்மா காரியத்துக்கு வந்தபோது நீ அந்தக் கட்டையையும் அமுக்கித்தான் மைக்கில் பிடித்தாய், நான் பக்கத்தில் நின்றேன். குரல் வராமல் உள்ளே காற்றுப் போகிற சத்தம் மட்டும் வந்தது. அது உன்னிடம் இருக்கும், அதையே அந்த இடத்தில் வை. உன் அம்மா பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பது அப்படித்தான் இருக்கும்.

பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே விடாதீர்கள். மாரியாத்தா உங்கள் மூவரையும் காக்கட்டும். தேருக்கு முந்தி அனுப்ப மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா சோலைமலை
(கைநாட்டு)